டிக்கியில் ஒரு மரப்பெட்டி

ஜனவரி 6, செவ்வாய்

ஜீப் வந்துவிட்டது. சிவப்பு. வசந்தாமணி தன் ஓய்வுப் பணத்தில் வாங்கியது என்பதால் நிறத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும், பாறையிலும் ஏறும் என்றார் விற்பனையாளர். பாறையில் ஏற வேண்டிய அவசியம் கோயமுத்தூரில் யாருக்கு வருகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஷோரூம்காரர்கள் எல்லோரும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஈச்சனாரிக் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். நான் மேல் கைப்பிடியைப் பிடித்து, காலை மடித்து, மூச்சை இழுத்துத்தான் ஏற முடிந்தது. அவள் ஒரே எட்டில் ஏறினாள். பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள்.

வழியில் பாட்டுப் போட்டாள். உடனே அணைத்தாள்.

"ஏனுங்க, தகர டப்பாவுல புளியங்கொட்டயப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குது. இதுக்கா இத்தன பணம் குடுத்தேன்?"

கம்பெனியிலேயே மாட்டி வரும் ஸ்பீக்கர்கள் இப்படித்தான் இருக்குமாம். மாற்றும் பொறுப்பு என்னுடையதாகிவிட்டது. "நீங்கதான் எதையும் நாலு தடவ பாத்துச் செய்வீங்க. பிப்ரவரிக்குள்ள முடிச்சிருங்க."

பிப்ரவரியில் அவள் கர்நாடக மலைப்பக்கம் சக்லேஷ்பூர் போகிறாள். போத்தனூரில் பல் டாக்டராக இருக்கும் டெய்சி நடத்தும் பெண்கள் ஜீப் குழுவோடு, நான்கு இரவு, காட்டுப் பாதைகளில், டென்ட்டில். என்னையும் கூப்பிட்டாள். இடுப்பு வலி என்றேன்.

சென்ற மே மாதம் அவளுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். பயணத்துக்கு எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

வண்டியோடு வந்த உத்தரவாதப் புத்தகத்தை முழுதும் படித்தேன். ஒயரை வெட்டினால் மின்சாரப் பாகங்களுக்கு உத்தரவாதம் போய்விடும். ஸ்பீக்கர் மாற்றியதால் நடுக்காட்டில் எஞ்சின் நின்றுபோகுமா என்பதைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. இல்லை என்பதாலேயே அது நடக்காது என்று சொல்ல முடியாது.

முப்பது வருடம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். மாணவர்களுக்குச் சராசரி பிடிக்கும். எனக்கு எப்போதும் சராசரியைவிட்டு ஓரமாகத் தள்ளி நிற்கும் அந்த ஒற்றைப் புள்ளிதான் கண்ணில் படும்.

தூக்கம் சரியில்லை. கண் எரிகிறது.

ஜனவரி 9, வெள்ளி

வசந்தாவும் பகலெல்லாம் கொட்டாவி விடுகிறாள். டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

உக்கடத்தில் ஷாஜகானின் கடை. கார் ஸ்பீக்கர், சீட் கவர், எல்லாம் உண்டு. மனிதர் ஓயாமல் பேசுகிறார். நான் உள்ளே போனதுமே டீ சொன்னார்.

"சார், ஜீப்பு யாருக்குங்க? பையனுக்கா?"

"என் மனைவிக்கு."

டீயை வைக்க வந்தவரும் ஷாஜகானும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"மாஷா அல்லாஹ். எங்க ஊட்டுல ஸ்கூட்டிக்கே என்னைத்தான் பின்னால ஓடி வரச் சொல்லுவாங்க."

ஒயரை வெட்டக் கூடாது என்றேன். வெட்ட மாட்டார்களாம். கம்பெனி ஒயரில் அப்படியே சொருகிக்கொள்ளும் கப்ளர் இருக்கிறதாம். அதை எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். மறுபடி காட்டச் சொன்னேன். மறுபடியும் காட்டினார், சலித்துக்கொள்ளவில்லை. கதவுகளுக்குள் அதிர்வு தாங்கும் ஷீட் ஒட்டி, முன்னால் நல்ல ஸ்பீக்கர் இரண்டு, சீட்டுக்கு அடியில் ஒலியைப் பெருக்க ஒரு சிறிய ஆம்ப். பாஸ் எனும் கனமான ஒலிக்கு சப்ஊஃபர் என்று ஒன்று. அதிலும் சீட்டுக்கு அடியில் வைக்கிற தட்டையான வகை உண்டு. "எடமே அடைக்காதுங்க" என்றார்.

கடையில் நின்ற காரில் அதைப் போட்டுக் காட்டினார். ஒரு நாகஸ்வர ஆலாபனை கேட்டேன். நன்றாக இருந்தது. என் காதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, இருந்தாலும் நன்றாக இருந்தது.

கிளம்பும்போது ஸ்பீக்கரில் காந்தம் இருக்குமா என்று கேட்டேன். "காந்தம் இல்லாம எப்படிங்க சார் சத்தம் வரும்?" என்றார்.

வீடு வரும்வரை காந்தத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

வசந்தாவிடம் சொல்லாமல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கர் காந்தத்தால் பேஸ்மேக்கருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டேன். மார்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் போதும், கார் கதவில் இருப்பது ஒன்றும் செய்யாது என்றார். செல்போனைச் சட்டைப் பையில் வைக்கிறாரா என்று கேட்டார். அவள் சட்டை போடுவதில்லை என்றேன். சிரித்தார்.

வேறு சிலவும் சொன்னார்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலுக்கு வந்த கரும்பு இன்னும் ஹாலில் சாய்ந்து நிற்கிறது.

தட்டையான சப்ஊஃபர் வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறேன். ஒலி தரமாக இருக்க வேண்டுமென்றால் காற்று அசைய இடம் வேண்டும். அதற்கு மரப்பெட்டிக்குள் வைக்கும் பெரிய வகைதான் சரி. எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பெட்டி டிக்கியில் வரும்.

ஜனவரி 19, திங்கள்

டிக்கியை அளந்தேன். வசந்தா ஹாலில் டென்ட்டை மடித்து வைத்திருக்கிறாள். அவள் காய் வாங்கப் போயிருந்தபோது அதையும் அளந்தேன்.

டென்ட்டை எதற்காக அளந்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். அருகில் இருந்தது, டேப் கையில் இருந்தது.

ஜனவரி 20, செவ்வாய்

ஷாஜகானிடம் அளவு கொடுத்தேன். தாளை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது கல்யாண மண்டபத்துக்கு ஆவுங்க. ஜீப்புக்கு இம்புட்டு எதுக்கு?"

"எனக்கு பாஸ் அதிகமாக வேண்டும்."

"உங்களுக்கா?"

ஆம் என்றேன். என் வாழ்நாளில் பாஸ் என்ற சொல்லை நான் பயன்படுத்தியது இதுவே முதல் தடவை.

வண்டியின் பின்பக்கத் தரையில் ஒரு மூடி இருக்கிறது, அதன் கீழேதான் ஜாக்கியும் ஸ்பேனர்களும் இருக்கும் என்றார். பெட்டிக்குக் கீல் வைத்துத் தூக்குகிற மாதிரி செய்து தருவதாகச் சொன்னார். கீல் இருந்தால் ஆடும், ஆடினால் இரைச்சல் வரும் என்றேன். போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கச் சொன்னேன்.

"கழட்டவே முடியாதுங்களே சார்."

"ஸ்பேனர் இருந்தால் கழட்டலாம் அல்லவா" என்றேன்.

சரிங்க என்றார். அவ்வளவு பேசுகிறவர் அதற்குமேல் பேசவில்லை.

ஜனவரி 24, சனி

வேலை முடிந்தது. பெட்டி டிக்கியை முழுதாக அடைத்திருக்கிறது. கறுப்புத் துணி ஒட்டி, ஓரமெல்லாம் நேர்த்தியாக இருக்கிறது. ஒயர் எதுவும் வெட்டப்படவில்லை. நானே டார்ச் அடித்துப் பார்த்தேன்.

வசந்தா பாட்டுப் போட்டாள். கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் கேட்டுக்கு வந்து குரைத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டாள். "ஏனுங்க, நெஜமாவே அசத்தீட்டீங்க" என்று என் முழங்கையைத் தட்டினாள்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

டென்ட் டிக்கியில் நுழையவில்லை. நீளவாட்டில், குறுக்குவாட்டில், சாய்த்து, எல்லா விதத்திலும் பார்த்தாள். ஒரு கட்டத்தில் காலால் தள்ளினாள்.

"அளந்துதானே செஞ்சீங்க?"

"ஒலிக்காகத்தான் அளந்தேன்."

அவள் டென்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு இடுப்பு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்திருக்கிறது.

ஜனவரி 28, புதன்

வண்டியின் கூரையில் இரும்புக் கேரியர் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "டென்ட்டு, அடுப்பு, தண்ணிக் கேனு, எல்லாம் மேல போயிரும். டெய்சிதான் ரோசனை சொன்னா" என்றாள்.

டெய்சி பல்லைப் பிடுங்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூரையில் எடை ஏறினால் வளைவில் வண்டி கவிழும் வாய்ப்புக் கூடும். இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்டி இல்லாவிட்டால் எடை கீழே இருந்திருக்கும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மண்பாதையில் ஓட்டிப் பழகிவிட்டு வருகிறேன் என்று வசந்தா தனியாக ஆனைகட்டிப் பக்கம் போனாள். சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். வரவில்லை. போன் செய்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ரசத்தைச் சூடு செய்தேன். மறுபடி போன் செய்தேன். ரசத்தை மறுபடி சூடு செய்தேன். அது பாதியாகச் சுண்டிவிட்டது. டெய்சியைக் கூப்பிட்டேன், அவளும் தேடக் கிளம்பினாள். நான் கேட்டைத் திறந்துவைத்து, மூடி, திறந்துகொண்டிருந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு சிவப்பு வண்டி தெருவில் திரும்பியது. அவள் முகம் காய்ந்திருந்தது. சேலையெல்லாம் செம்மண். ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

பஞ்சர். சுற்றிலும் ஆள் இல்லை, போனில் சிக்னல் இல்லை. வெயிலில் மெயின் ரோடு வரை நடந்திருக்கிறாள். வழியில் யானைச் சாணம், ஆவி பறக்க. ஒரு பால் வண்டிக்காரர் தன் ஜாக்கியோடு கூட வந்து சக்கரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

"நம்ம ஜாக்கி எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"பெட்டிக்கு அடியில்."

"பெட்டியக் கழட்ட ஸ்பேனரு வேணும். ஸ்பேனரு எங்கீங்க இருக்குது?"

நான் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுவும் பெட்டிக்கு அடியில. அந்தக் கடைக்காரன் கண்ண மூடிக்கிட்டா மாட்டுனான்?"

"அப்படித்தான் போல" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். இரண்டு சொற்கள். அவள் குளிக்கப் போனாள்.

பிப்ரவரி 2, திங்கள்

நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் உக்கடம் போனாள். வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று வழியெல்லாம் சொன்னேன். "நீங்க பேசுனா அவரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருவாரு" என்றாள்.

கடையில் ஒரு காருக்குள் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. வசந்தா மைதானக் குரலில் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, நீங்க கடை வெச்சிருக்கறது எதுக்கு? ஜாக்கி மேல பெட்டிய வெச்சு போல்ட்டு முறுக்குனா, டயரு போனா நான் என்ன பல்லுலயா கழட்டறது? நேத்து யானை வந்திருந்தா உங்க பாட்டயா போட்டுக் காட்டறது?"

ஷாஜகான் என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தது போல எனக்குத் தோன்றியது. ஒரு நொடிதான் இருக்கும்.

"தப்புத்தாங்க மேடம். அவசரத்துல கவனிக்கல. எங்க மேலதான் தப்பு."

"இவரு கூடவே நின்னாரில்ல? ஒண்ணும் சொல்லலையா?"

"சாருக்கு என்னங்க தெரியும். சார் பாவம்."

அந்த வார்த்தை எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். நான் தப்பித்துவிட்டேன். இனி டீ வரும், குடித்துவிட்டுக் கிளம்பலாம். என் வாய் தானாகத் திறந்தது.

"நான்தான் சொன்னேன்."

பாட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. வசந்தா, "என்னங்க?" என்றாள். ஷாஜகான் கையைக் காட்டினார். உள்ளே இருந்தவர் பாட்டை நிறுத்தினார். கடை முழுதும் அமைதியாகிவிட்டது. தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். அந்த அமைதியில் நான் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"பாய் கீல் வெக்கலாம்னு சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். பெட்டி அளவும் நான் குடுத்ததுதான்."

"ஏன்?"

"டென்ட் வெக்க எடம் இருக்கக் கூடாதுன்னு."

வசந்தா ஷாஜகானிடம் திரும்பி, "பெட்டியக் கழட்டிருங்க" என்றாள். பிறகு, "உங்களைத் தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான வகையை மாட்டினார்கள். மாட்டி முடிக்கும் வரை அவள் ஓட்டுநர் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தாள். நான் சீட் கவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீ வந்தது. ஷாஜகான் தன் கையால் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

இட்லி வைத்தாள். சட்னி வைத்தாள். பேச்சில்லை.

டாக்டர் சொன்ன மற்றதையும் எழுதிவிடுகிறேன். "அம்மா எங்க வேணாலும் போகலாம் சார், மலை ஏறலாம், வண்டி ஓட்டலாம். நீங்கதான் உங்க பிரஷரைப் பார்க்கணும்" என்றார்.

பிப்ரவரி 4, புதன்

காலையில் போர்டிகோவில் இரும்புச் சத்தம் கேட்டது. வசந்தா ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். நிமிர்ந்து பார்க்காமல், "இந்த நட்டுகளப் புடிங்க" என்றாள். இரு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டேன்.

சக்கரத்தை உருட்டிச் சுவரில் சாய்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ராத்திரி எந்திரிச்சு வந்து என் மூக்குகிட்டக் கைய வெச்சுப் பாக்கறீங்க."

நான் நட்டுகளைப் பார்த்தேன். கிரீஸ் கையெல்லாம் ஆகியிருந்தது.

"தூங்கறவளுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறீங்களா? தூங்குனாத்தானே. நீங்க எப்ப எந்திரிப்பீங்கன்னு காத்துக்கிட்டே படுத்திருக்கறேன். பாத்துட்டுப் படுக்கறீங்க. சரி, இனித் தூங்கலாம்னு கண்ண மூடுனா மறுக்காவும் எந்திரிக்கறீங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து இதே கதை. தூங்கற மாதிரி நடிக்கறது லேசுப்பட்ட வேலைன்னு நெனக்காதீங்க. மூச்ச ஒரே சீரா வுடோணும். கொஞ்சம் மாறுனாலும் நீங்க பயந்துக்குவீங்க."

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீங்க முழிச்சுக்கிட்டே படுத்திருப்பீங்க. அது அதவிடக் கொடுமை."

எதிர்வீட்டு நாய் வந்து கேட்டருகே படுத்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காடு, மேடு, பாறை, அதெல்லாம் அப்புறங்க. எனக்கு நாலு ராத்திரி தூங்கோணும். யாரும் பாக்காம."

அவள் எழுந்து சக்கரத்தைத் தூக்கிப் பொருத்தினாள். உதவப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"முன்ன உங்களையும் வாங்கன்னு கூப்புட்டேன். இப்பக் கூப்புடல. அத ஞாபகம் வெச்சுக்கங்க."

நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வாங்கி முறுக்கினாள்.

பிப்ரவரி 5, வியாழன்

இனி பக்கத்து அறையில் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுக்கையை எடுத்துக்கொண்டு போனேன். சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உசுரோடதான் இருக்கறேன். பொட்டாட்ட, பேசாமப் படுங்க" என்றாள்.

பிப்ரவரி 9, திங்கள்

அவளுடைய கொட்டாவி நிற்கவில்லை. சுவர் இருந்தும் நான் அங்கேதான் இருக்கிறேன் போலும்.

பிப்ரவரி 12, வியாழன்

போய்விட்டாள். விடியும் முன்பே டெய்சியின் ஜீப்பும் இன்னும் சில வண்டிகளும் தெருமுனையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. டென்ட் டிக்கியில் இருந்தது. மாத்திரைப் பெட்டியை நீட்டினேன். தன்னிடம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள், என்னுடையதையும் வாங்கிக்கொண்டாள்.

"போன் பண்ணாதீங்க. நானே பண்றேன்."

சரி என்றேன். எப்போது என்று கேட்கவில்லை. கேட்காமலிருக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

போன் வரவில்லை. போனுக்குச் சார்ஜ் இருக்கிறது. மணி ஒலிக்கிறதா என்று பார்க்க வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைத்துப் பார்த்தேன். ஒலிக்கிறது.

பிப்ரவரி 14, சனி

காலைப் பலகாரம் முடிந்த நேரத்தில் கூப்பிட்டாள். எடுத்தவுடனே சொன்னாள்:

"ஏனுங்க, வண்டி ஸ்பீக்கர்ல இருக்கறீங்க. கதவெல்லாம் தொறந்து கெடக்குது. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கறாங்க, பாத்துப் பேசுங்க."

கேட்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். மாத்திரை, மூச்சு வாங்குகிறதா, வெந்நீர் கிடைக்கிறதா, வளைவில் வண்டி சாய்ந்ததா. "வசந்தா" என்றேன். என் குரல் எங்கோ பெரிதாக எழுந்து எனக்கே திரும்பி வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"சார், டெய்சிங்க. சிஸ்டம் சூப்பர். நீங்க 'வசந்தா'ன்னதுல மரத்துல இருந்த கொக்கெல்லாம் பறந்திருச்சு."

பெண்கள் சிரித்தார்கள். நன்றி என்றேன்.

"ஆனா ஒண்ணு சார், உங்க ஊட்டம்மா விடற குறட்டைக்கு முன்னால இந்த ஸ்பீக்கரெல்லாம் ஒண்ணுமே இல்ல. ராத்திரி எங்க டென்ட்டப் புடுங்கி அக்கட்டால கொண்டுபோய் அடிச்சோம்."

"பொய்யிங்க, நம்பாதீங்க" என்றாள் வசந்தா.

கல்யாணமான புதிதிலிருந்தே அவள் குறட்டை விடுவாள். அதற்காக நான் பல வருடம் சண்டை போட்டிருக்கிறேன். பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அது நின்றுவிட்டது. மார்புக்குள் வைத்த அந்தக் கருவியின் நன்மைகளில் ஒன்று என்று நான் எண்ணியிருந்தேன். தூங்கினால்தானே குறட்டை வரும் என்று எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று?

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

"என்னங்க, ஒண்ணும் கேக்கலையா?" என்றாள் வசந்தா. மாத்திரை என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது.

"இல்ல. நீ போய்த் தூங்கு."

"பொழுது விடிஞ்சு எத்தன நேரமாச்சு!" என்று யாரோ கத்தினார்கள். வண்டி முழுதும் சிரிப்பு. அதில் அவளுடைய சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது.